கரை ஒதுங்கிய விசித்திர உயிரிக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பிறகு, சென்னை பெசன்ட் நகர் கரையில் விரல் நுனியளவு நீலப் பிராணிகள் ஒதுங்கின. செய்திகளில் அவற்றுக்கு ‘நீல டிராகன்’ என்று பெயர் வந்தது. அந்தமுறை பெயர் சரிதான். பல முறை அப்படி அமைவதில்லை. கணவாய் ஓட்டைத் திமிங்கில எலும்பு என்பார்கள்; நத்தை முட்டைத் தொகுப்பைப் பழைய ரப்பர் துண்டு என்பார்கள்; செத்து அழுகிய திமிங்கிலத்தை ‘உரோமம் முளைத்த கடல் பூதம்’ என்பார்கள்.

பெயர் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை அல்ல, அவசரம். பார்த்தவுடன் ‘இது என்ன இனம்?’ என்று கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது ‘இது எந்தக் கூட்டம்?’ என்பது. கூட்டம் தெரிந்தால் குடும்பம், குடும்பம் தெரிந்தால் பேரினம், கடைசியில்தான் இனம். கையில் இருக்கும் சான்று எந்தப் படிவரை தாங்குகிறதோ அந்தப் படியில் நின்றுவிட வேண்டும். காற்றுப்பையால் மிதக்கும் கொட்டும் உயிரி ஒன்றைக் கண்டு, ‘பைசேலியா பேரினம், இனம் தெரியவில்லை’ என்று எழுதுபவர் தோற்றுப்போனவர் அல்ல. அது என்ன என்று இனம்வரை ஊகித்து எழுதியவரைவிட அவர் குறிப்புதான் பயன்படும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுக் கரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முறை எந்தக் கரைக்கும் பொருந்தும், எடுத்துக்காட்டுகள்தாம் மாறும்.

எப்போது போவது, என்ன எடுத்துப்போவது

வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் ‘ஓதம் வற்றும் நேரம் பார்த்துப் போ’ என்றுதான் தொடங்கும். குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் அது முழு உண்மை. அங்கே நீர் பல மீட்டர் இறங்கி, கிலோமீட்டர் கணக்கில் பாறைத்தளம் வெளியே தெரியும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். மன்னார் வளைகுடாவில் அதற்கும் குறைவு. அதனால் இங்கே ஓதம் திறந்து காட்டுவதைவிடக் காற்று கொண்டுவந்து போடுவதுதான் அதிகம். கடலிலிருந்து கரை நோக்கி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து காற்று அடித்த பிறகு, புயல் ஓய்ந்த மறுநாள் விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறினால் மென்மையான உடல்கள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுருங்கிவிடும். காக்கையும் நாயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பாறைக்குட்டைகள் உள்ள இடமானால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு நாட்கள் நல்லவை. வற்றம் உச்சமடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். நீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, கரையில் நிற்கும் மீனவரிடம் ஒரு கேள்வி: இன்று நீரோட்டம் வன்னியா, தெண்டியா? சென்னைப் பக்கத்து மீனவர்கள் வடக்கிலிருந்து தெற்கே இழுப்பதை வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே இழுப்பதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். ஒதுங்கியது எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்பதற்கு அதுவே முதல் துப்பு.

எடுத்துப்போக வேண்டியவை:

- கால் முழுவதும் மூடும் கேன்வாஸ் ஷூ. செருப்பு வேண்டாம், சொறியின் (ஜெல்லி மீனின்) இழைகள் விரலிடுக்கில்தான் சிக்கும்.
- தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி, முனை மழுங்கிய சிமிட்டா ஒன்று.
- வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்று, கறுப்புத் தட்டு ஒன்று. பிரியாணி பார்சல் டப்பா போதும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் நல்லது.
- 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல். மறந்துவிட்டால் பத்து ரூபாய் நாணயம். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.
- செல்பேசியில் மாட்டும் பத்து மடங்கு லென்ஸ்.
- நோட்டுப் புத்தகம், பென்சில். பேனா மை உப்புநீர் பட்டால் ஓடிவிடும்.
- பிளாஸ்க்கில் வெந்நீர் ஒரு லிட்டர். எதற்கு என்பது கீழே.

ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் போவதானால் வெள்ளை டார்ச் அடிக்காதீர்கள். அது பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். வெளிச்சம் அவற்றைக் குழப்பும். டார்ச்சின் கண்ணாடி மேல் சிவப்பு செலோபேன் காகிதத்தை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

கை வைக்கக் கூடாதவை

பெயர் தெரியாததைத் தொடாதீர்கள் என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆகவே எது, ஏன் என்று சொல்வதே மேல்.

காற்றடைத்த பலூன் போல நீலமும் இளஞ்சிவப்புமாக மின்னும் பை பைசேலியா. செத்துக் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் அதன் இழைகளில் உள்ள கொட்டணுக்கள் வெடிக்கும்; அவற்றுக்கு உடல் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. கூம்பு வடிவச் சங்கு, அதாவது மேல்தட்டையாக இருந்து கீழே கூம்பி, வாய் ஒரு நீண்ட குறுகிய பிளவாக முழு நீளத்துக்கும் ஓடுவது, உள்ளிருந்து நஞ்சு தோய்ந்த ஈட்டி போன்ற பல்லை எறியும். ‘அகன்ற முனையைப் பிடித்தால் ஆபத்தில்லை’ என்பது நம்பத்தக்கதல்ல. அதன் குழல் பின்பக்கமும் வளையும். சிறு ஆக்டோபஸ் ஒன்று மேலெல்லாம் நீல வளையங்களைப் பளிச்சிட்டால் உடனே விலகுங்கள். அதன் எச்சிலில் உள்ள டெட்ரோடோடாக்சின் பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. பாறையோடு பாறையாகக் கிடக்கும் கல்மீனின் முதுகில் 13 நச்சு முட்கள். கெளிறு மீனின் பக்கவாட்டு முள், திருக்கையின் வால் முள் இரண்டும் மீன் செத்த பிறகும் குத்தும்.

சொறியோ பைசேலியாவோ பட்டுவிட்டால்: மணலால் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வெடிக்காத கொட்டணுக்களும் வெடித்துவிடும். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சிமிட்டாவால் எடுங்கள். பிறகு பட்ட இடத்தை 45 டிகிரி செல்சியஸ் அளவு வெந்நீரில் 20 நிமிடம் வைத்திருங்கள். வெந்நீர் பொறுக்கும் சூடாக இருக்கிறதா என்பதை அடிபடாத கையை விட்டுப் பாருங்கள். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாமல் கொப்பளித்துப் போகும். கல்மீன், கெளிறு, திருக்கை முள்ளுக்கும் இதே வெந்நீர் வலியைத் தணிக்கும். அந்த நஞ்சுகள் சூட்டில் சிதைபவை. மூச்சு முட்டல், மார்பு இறுக்கம், முகவீக்கம், உதட்டில் மரமரப்பு இருந்தால் வெந்நீருக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு.

கடல் பாம்பு பற்றி ஒன்று. இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. கடல் பாம்பு அந்தக் கணக்கில் இல்லை. வலையிலிருந்து உதறிப்போட்ட பாம்பு அசையாமல் கிடந்தாலும் செத்ததாக எண்ணாதீர்கள்.

படம்: ஆறு கோணம், ஒரு அளவு

அடையாளம் காண முடியாமல் போகும் உயிரிகளில் பெரும்பாலானவை படத்தில்தான் தோற்கின்றன. மேலிருந்து எடுத்த ஒரே ஒரு அழகான படம் எதற்கும் உதவாது. எடுக்க வேண்டியவை: கிடந்த இடத்தோடு சேர்த்து ஒன்று, நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, வாய் அல்லது முன்முனை ஒன்று, லென்ஸ் மாட்டி நுண்பகுதி ஒன்று. எல்லாவற்றிலும் இல்லாவிட்டாலும் இரண்டிலாவது ஸ்கேல் இருக்கட்டும். ஸ்கேல் உயிரியின் உயரத்துக்கே இருக்க வேண்டும். ஸ்கேலை மணலில் கிடத்திவிட்டு எட்டு சென்டிமீட்டர் உயர சங்கை மேலிருந்து எடுத்தால் அளவு பொய் சொல்லும்.

எல்லாரும் விட்டுவிடுவது அடிப்பக்கம். நட்சத்திர மீனின் குழல்கால் வரிசை, நண்டின் வயிற்று மடல், சொறியின் வாய்க்கரங்கள், திருக்கையின் செவுள் துளைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

மென்மையான உடல் கொண்டவற்றைக் காற்றில் வைத்து எடுத்தால் எல்லாமே ஒரே மாதிரிக் கூழாகத் தெரியும். தட்டில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு அங்கேயே மொண்ட கடல்நீரை விட்டு, உயிரியை ஸ்பூனால் அள்ளி உள்ளே இடுங்கள். ஓரிரு நிமிடத்தில் இழைகளும் செவுள்களும் விரியும். கண்ணாடி போன்ற உடலுக்குக் கறுப்புத் தட்டு, இருண்ட நிறத்துக்கு வெள்ளைத் தட்டு. நிழலில் வைத்து எடுங்கள். நேர்வெயிலில் நீர்ப்பரப்பு பளபளத்துப் படம் வீணாகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திராதீர்கள். ஆழமற்ற நீர் வேகமாகச் சூடாகும். எடுத்த இடத்திலேயே திரும்ப விடுங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். செத்தவுடன் மாறுவது அதுதான் முதலில். எண்ணிக்கையையும் அமைப்பையும் நம்புங்கள்: எத்தனை கரம், எத்தனை வரிசை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது.

கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கேள்விகள்

முதல் கேள்வி, இது உயிரிதானா? இதைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஓடு, முட்டை, கழிவு, உதிர்ந்த துண்டு இவை தனிக்கதை, பின்னால் வருகிறது.

இரண்டாவது, உடலை எப்படி வெட்டினால் சம பாதிகள் கிடைக்கும்? ஒரே கோட்டில் மட்டும் இடம் வலம் என்று பிரிந்தால் மீன், நண்டு, புழு, நத்தை, கணவாய் பக்கம் தேடுங்கள். நடுவிலிருந்து சக்கரம் போலப் பிரிந்தால் சொறி, கடல் சாமந்தி. ஐந்தைந்தாகப் பிரிந்தால் நட்சத்திர மீன், நொறுங்கு நட்சத்திரம், கடல் முள்ளெலி, மணற்காசு, கடல் அட்டை ஆகிய முட்தோலிகள். கடல் அட்டை வெள்ளரிக்காய் போல நீண்டு கிடப்பதால் ஐந்து தெரியாது. முனையிலிருந்து பாருங்கள், ஐந்து பட்டை தெரியும். எந்தப் பக்கம் வெட்டினாலும் சமம் இல்லை என்றால் கடற்பஞ்சாக இருக்கலாம்.

மூன்றாவது, மூட்டுள்ள கால் உண்டா? இருந்தால் கணுக்காலி. ஆனால் கணுக்காலி என்றே தோன்றாத ஒன்று உண்டு: மிதந்துவந்த பாட்டில், ரப்பர் செருப்பு, தெர்மோகோல் மீது கொத்துக்கொத்தாகத் தொங்கும் கொட்டலசு. ரப்பர் போன்ற காம்பு, நுனியில் ஐந்து வெண்தகடுகள். பார்ப்பவர்கள் இதைச் சிப்பி என்பார்கள். தட்டில் நீர் விட்டு வையுங்கள். தகடுகள் திறந்து இறகு போன்ற கால்கள் துழாவும். நண்டுக்கும் இறாலுக்கும் இது பங்காளி.

நான்காவது, கண்ணாடி போன்ற கூழுடல் என்றால் மூன்றில் எது? குடை வடிவும் தொங்கும் இழைகளும் இருந்தால் சொறி. அதிலும் குடை சதுரமாக இருந்து நான்கு மூலையிலிருந்து மட்டும் இழை தொங்கினால் பெட்டிச் சொறி, விலகுங்கள். முட்டை வடிவில், நீளவாக்கில் எட்டு வரிசைச் சீப்புகள் வானவில் போல மின்னினால் சீப்புச் சொறி. இதற்குக் கொட்டணு கிடையாது. பீப்பாய் வடிவம், குறுக்கே வளையப் பட்டைகள், சில சமயம் சங்கிலி போலக் கோத்திருந்தால் சால்ப். கடைசியாகச் சொன்னது முதுகெலும்பு உள்ளவற்றுக்கு, அதாவது நமக்கு, சொறியைவிட எவ்வளவோ நெருங்கிய உறவு.

வட்டமான சொறியின் குடை நடுவில் நான்கு குதிரைலாட வளையங்கள் தெரிந்தால் அது ஆரீலியா, நிலாச் சொறி. வளையங்கள் அதன் இனப்பெருக்க உறுப்புகள்.

நீலக் கூட்டம்: ஒரு முழு எடுத்துக்காட்டு

நம் கரைக்கு ஒன்றாகவே வரும் ஐந்து உயிரிகளை வைத்து மேலே சொன்ன முறையை ஓட்டிப்பார்க்கலாம். இவை எல்லாம் ஆழ்கடலின் நீர்ப்பரப்பில் மிதப்பவை. நீந்திப் போக வலுவில்லை. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போகின்றன. ஒன்றைக் கண்டால் அந்த ஒதுங்குகோட்டிலேயே (அலை கொண்டுவந்து போட்டவை கிடக்கும் கோடு) மற்றவற்றையும் தேடுங்கள்.

*போர்பிடா, நீலப் பொத்தான்.* மூன்று சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள வட்டத் தட்டு. தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். காற்றடைத்த சிறு அறைகள் அவை. ஓரமெல்லாம் நீல இழைகள், இழைகளில் குமிழ் குமிழாகக் கிளைகள். ஒரே உயிரி போலத் தெரிந்தாலும் இது ஒரு கூட்டுக்குடும்பம்: உண்பதற்குச் சில, இனம் பெருக்கச் சில, பிடிப்பதற்குச் சில. செத்து இரண்டு நாளானதும் நீலம் எல்லாம் போய், கைட்டினால் ஆன தட்டு மட்டும் மிஞ்சும். அதை பிளாஸ்டிக் மூடி என்று தாண்டிப்போய்விடுவார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வளையங்கள் இருந்தால் போர்பிடா.

*வெலெல்லா.* இதுவும் தட்டுதான், ஆனால் நீள்வட்டம். மேலே முக்கோணப் பாய் ஒன்று மூலைவாட்டில் நிற்கும். பாய் மடங்கிப்போன மாதிரிகள் போர்பிடாவாகத் தெரியும். வட்டமா நீள்வட்டமா என்று அளந்துவிட்டால் குழப்பம் தீரும்.

*பைசேலியா.* காற்றுப்பையும் நீண்ட இழையும். இனம் எது என்று கேட்காதீர்கள். உலகமெங்கும் ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட இதை, 2025இல் வெளியான மரபணு ஆய்வு நான்கு இனங்களாகப் பிரித்துவிட்டது: பைசாலிஸ், யூட்ரிகுலஸ், மெகலிஸ்டா, மினூட்டா. கரையில் எடுத்த ஒரு படத்தை வைத்து ‘பைசேலியா பைசாலிஸ்’ என்று எழுதுவது இன்று அவசரம். பேரினத்தோடு நிறுத்துங்கள், பையின் நீளம், பிரதான இழை ஒன்றா பலவா என்பதைக் குறித்துவையுங்கள். பின்னால் வருபவருக்கு அது போதும்.

*கிளாக்கஸ், நீல டிராகன்.* ஓடு இல்லாத கடல் நத்தை; மூன்று சென்டிமீட்டர் வரை. மணலில் கிடக்கும்போது சுருண்டு நீல மிளகு உருண்டை போலத்தான் இருக்கும். தட்டில் நீர் விட்டால் விரியும். இது வயிற்றில் காற்றை விழுங்கி மல்லாந்து மிதக்கிறது. ஆகவே நாம் மேலே காணும் நீலம் அதன் அடிப்பக்கம். சாம்பல் வெள்ளிதான் முதுகு. பக்கவாட்டில் மூன்று ஜோடிக் கொத்துகளாக விரல்கள் நீளும். அங்கேதான் இனச் சாவி இருக்கிறது: ஒவ்வொரு கொத்திலும் விரல்கள் ஒரே வரிசையில் விசிறி போல இருந்தால் கிளாக்கஸ் அட்லாண்டிகஸ்; பல வரிசைகளில் அடர்ந்திருந்தால் கிளாக்கஸ் மார்ஜினேட்டஸ் கூட்டம். இதற்கு லென்ஸ் படம் கட்டாயம். பைசேலியாவைத் தின்று அதன் கொட்டணுக்களை விரல் நுனிகளில் சேமித்து வைத்துக்கொள்வதால் இதையும் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. அழகான படத்துக்காக உள்ளங்கையில் ஏந்தியவர்களின் படங்கள் இணையமெங்கும் கிடக்கின்றன. அவர்களைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

*ஜாந்தினா, ஊதா நத்தை.* காகிதம் போல மெல்லிய ஊதா ஓடு. சளியால் குமிழித் தெப்பம் கட்டித் தலைகீழாகத் தொங்கும். ஓடு மட்டும் கிடைத்தால், அடிப்பகுதி அடர் ஊதா, மேற்பகுதி வெளிறியது என்பதைப் பாருங்கள். உடைந்த விளிம்புதான் பெரும்பாலும் கிடைக்கும்.

நீலக் கூட்டம் ஒதுங்கிய நாளில் இன்னொரு வேலையும் செய்யலாம்: ஒதுங்குகோட்டில் 100 மீட்டர் நடந்து, எந்த வகை எத்தனை என்று எண்ணுங்கள். ‘நிறைய இருந்தது’ என்பது தகவல் ஆகாது.

உயிரி அல்ல, ஆனால் உயிரியிடமிருந்து வந்தது

- வெள்ளை நீள்வட்டப் பலகை, நகம் பட்டால் மாவாக உதிரும்: கணவாயின் உள் ஓடு. நாட்டுமருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று விற்பது இதுதான். நுரைக்கும் இதற்கும் தொடர்பில்லை.
- இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெண்சுருள், சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல், உள்ளே அறை அறையாக: ஸ்பைருலா. ஆழ்கடலில் வாழும், கணவாய்க்கு உறவான சிறு தலைக்காலியின் உள் ஓடு. நத்தை ஓடு அல்ல.
- மணலாலேயே செய்த சட்டைக் காலர், ஈரத்தில் வளையும், காய்ந்தால் பொடியும்: நிலா நத்தை முட்டைத் தொகுப்பு.
- ஆட்டுக் கொம்பு போல வளைந்து, அறை மேல் அறையாக அடுக்கியது: சங்கின் முட்டைக்கூடு. பூசையறைச் சங்கு இப்படித்தான் பிறக்கிறது என்று தெரிந்தவர் குறைவு.
- கறுப்புத் திராட்சைக் கொத்து: கணவாய் முட்டை, மை பூசி இடுவதால் கறுப்பு. வெள்ளைக் கூழ் விரல்கள்: ஊசிக்கணவாய் முட்டை.
- பழுப்புத் தோல்பை: சுறா முட்டைக்கூடு. ஐரோப்பியக் கையேடுகள் இதைத் திருக்கை வகையின் முட்டை என்னும். நம் கரைக்கு வரும் கொட்டும் திருக்கைகள் குட்டி போடுபவை. இங்கே முதலில் நினைக்க வேண்டியது முட்டையிடும் மூங்கில் சுறாக்களை.
- சிப்பித் துண்டுகளைக் கூரை வேய்ந்ததுபோல ஒட்டிய தோல் குழாய்: டயோபாட்ரா என்னும் புழுவின் வீடு.
- மெழுகு போன்ற கட்டி: திமிங்கில அம்பர் என்று வாட்ஸ்அப்பில் விலை பேசத் தொடங்கும் முன் நினைவிருக்கட்டும், கரையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கப்பல் கழுவிய பாரஃபின் மெழுகு அல்லது உறைந்த பாமாயில். உண்மையான அம்பராக இருந்தால் அதை வைத்திருப்பதே குற்றம்.

‘புழு மாதிரி’ என்று சொல்லப்படுபவை

ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத அரை டஜன் கூட்டங்கள் இந்த ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

உடல் முழுக்க வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு பக்கமும் முள்மயிர்க் கட்டு இருந்தால் பலசுணைப் புழு. முள்மயிர் வெள்ளையாகப் பஞ்சு போல அடர்ந்திருந்தால் நெருப்புப் புழு. தொட்டால் மயிர் தோலில் ஒடிந்து எரியும். வளையமே இல்லை, வழவழப்பு, இழுத்தால் ரப்பர் நாடா போல நீள்கிறது என்றால் கடல் நாடாப்புழு (குடலில் வாழும் நாடாப்புழு அல்ல). தடித்த உடலுக்குள் மெல்லிய கழுத்தை உள்ளே வெளியே இழுத்துக்கொண்டிருந்தால் கடலைப்புழு. ஒரு முனையில் வாயைச் சுற்றிக் கிளைத்த கரங்கள் இருந்தால் கடல் அட்டை. அதில் ஒரு வகை பாம்பு போல ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு, கையுறையில் பசை போல ஒட்டும். பசை அல்ல, தோலில் புதைந்துள்ள நுண் நங்கூரங்கள்.

தட்டையாக, நிறமாக, நெளிந்து போவது தட்டைப்புழுவா ஓடில்லா நத்தையா? தலையில் இரண்டு கொம்பு, பின்முதுகில் பூப்போன்ற செவுள் கொத்து இருந்தால் பெரும்பாலும் நத்தை. காகிதத் தடிமன், செவுள் கொத்து இல்லை, தலையின் ஓரமே இரண்டு மடிப்பாகக் கொம்பு போல எழும்புகிறது என்றால் தட்டைப்புழு.

மணற்சுருள் குவியலாகக் கிடந்து, அருகே அயோடோஃபார்ம் வாடை அடித்தால் அடியில் பலனோகுளோசஸ் என்னும் புழு வகை இருக்கலாம். கல்லூரி விலங்கியல் பாடத்தில் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவின் பெயரோடு சேர்ந்தே வருமே, அதுதான்.

பாம்பா, விலாங்கா?

கோலால்கூடத் தொடாமல் தூரத்திலிருந்தே பார்க்கலாம். வால் துடுப்புபோலப் பக்கவாட்டில் தட்டையா? உடலில் செதில் தெரிகிறதா? முதுகில் துடுப்பு இல்லையா? கழுத்தருகே செவுள் துளை இல்லையா? நான்குக்கும் ‘ஆம்’ என்றால் கடல் பாம்பு. முதுகு நெடுகத் துடுப்பு ஓடி, செவுள் துளை இருந்தால் விலாங்கு அல்லது அஞ்சாலை. பாம்பு விலாங்கு என்றொரு மீன் இருக்கிறது. வரிவரியாக, அச்சு அசல் கடல் பாம்பு. அதன் வால் தட்டையாக இராது. கூரான கட்டி முனையாக முடியும், அதைக்கொண்டுதான் மணலில் பின்வாக்கில் புதையும்.

மீன்களில் இரண்டு குழப்பங்கள் மட்டும் சொல்லலாம். பேத்தைக்கு மேலும் கீழும் பல் இரண்டிரண்டாகப் பிரிந்து நான்கு. முள்ளம்பேத்தைக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, உடலெல்லாம் நீண்ட முள். அடுத்தது, வெள்ளி நாடா போன்ற நீள மீன். கோரைப்பல், நூல் போல முடியும் வால், சிவப்புக் கொண்டை கிடையாது என்றால் அது சாவாளை. சந்தையில் தினம் கிடைப்பது. தலையில் சிவப்புக் கொண்டை, தலை முதல் வால் வரை சிவப்பு முதுகுத்துடுப்பு, வாயில் பல் தெரியவில்லை என்றால் ஓர்ஃபிஷ். ‘இது வந்தால் நிலநடுக்கம் வரும்’ என்ற செய்தியும் கூடவே வரும். அதைப் பகிராதீர்கள், நீளத்தை அளந்து பகிருங்கள்.

பெரியது ஒதுங்கினால் வாலைப் பாருங்கள். கிடைமட்டமாக விரிந்தால் பாலூட்டி, செங்குத்தாக நின்றால் மீன். அழுகிய திமிங்கிலத்தில் தொங்கும் ‘உரோமம்’ சிதைந்த கொலாஜன் நார். உயிரோடு இருந்தால் அடையாளம் காண்பதை விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், மூச்சுத்துளையில் நீர் ஊற்றாதீர்கள், ஈரத்துணி போர்த்துங்கள். திருச்செந்தூர்க் கரைக்கு இது புதிதல்ல: 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின, 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் மறுபடியும் எண்பதுக்கு மேல்.

பெயரைச் சரிபார்த்தல்

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் அதன் கணினி உடனே ஒரு பெயர் சொல்லும். அதை விடையாக எடுக்காதீர்கள், துப்பாக எடுங்கள். அந்தக் கணினி படித்த படங்களில் அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலியக் கரைகள்தாம் அதிகம். நம் பக்கத்து நத்தைக்கு அட்லாண்டிக் பெயரைச் சூட்டிவிடும். ‘இப்பகுதியில் காணப்படுவது’ என்று வடிகட்டிப் பாருங்கள். குறைந்தது இரண்டு பேர் ஒத்து, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதே பெயரைச் சொன்னால்தான் ‘ஆய்வுத் தரம்’ கிடைக்கும். தெரியாமல் யாரோ சொன்னதற்கு நன்றிக்காக ‘ஒப்புக்கொள்கிறேன்’ அழுத்துவது அங்கே நடக்கும் பெரிய தவறு. இரண்டு ஊகங்கள் சேர்ந்து உண்மையாகிவிடும்.

அடுத்து வோர்ம்ஸ் என்னும் உலகக் கடல் உயிரிப் பெயர்ப் பதிவேட்டில் அந்தப் பெயர் இன்றும் செல்லுமா என்று பாருங்கள். பழைய நூலில் ‘பெலமிஸ் பிளாட்டுரா’ என்றிருக்கும் மஞ்சள்வயிற்றுக் கடல் பாம்பு இன்று ‘ஹைட்ரோஃபிஸ் பிளாட்டுரஸ்’. இரண்டையும் இரண்டு இனமாக எண்ணிக் குறிப்பெழுதியவர்கள் உண்டு. மீனானால் ஃபிஷ்பேஸ் என்னும் இணையத் தரவுத்தளம், அதில் தமிழ்ப் பெயர் கொண்டும் தேடலாம்.

தமிழ்ப் பெயரை ஊரோடு சேர்த்து எழுதுங்கள். கணவாய் ஓரிடத்தில் கடம்பா ஆகும். கடல்பசு ஆவுளியா ஆகும். ‘சொறி’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ இனங்கள் அடங்கும். மீனவர் சொன்ன பெயரைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். எங்கே, எந்த வலையில், எவ்வளவு ஆழத்தில் என்றும் கேளுங்கள்.

எடுத்துப்போகலாமா?

வேண்டாம். கடல் குதிரை, கடல் அட்டை, பவளம், சில சுறா, திருக்கை, சில சங்கு வகைகள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்துக் காய்ந்த கடல் குதிரையை வீட்டு அலமாரியில் வைப்பதும் அதே சட்டத்தில் சிக்கும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைக்கவே கூடாது.

கண்ணைப் பழக்கும் இடங்கள்

கரையில் ஆறு மாதம் நடந்து பார்ப்பதை, காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகத்தில் ஆறு விடியலில் பார்த்துவிடலாம். விசைப்படகு இறக்கும் கழிவு மீன் குவியலில்தான் விலைபோகாத நட்சத்திரமும் கடல் பேனாவும் பெயர் தெரியாத நண்டும் கிடக்கும். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், கேட்டுக்கொண்டு பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் குவியல் இராது. அப்போது எழும்பூர் அருங்காட்சியகம், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1947இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் தலைமையகம் நெடுங்காலம் மண்டபத்தில்தான் இருந்தது.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கற்க முயலாதீர்கள். ஒரு பருவத்துக்கு ஒரு கூட்டம். நண்டில் தொடங்குவது நல்லது: கரையிலேயே கிடைக்கும், காய்ந்த ஓட்டிலும் அமைப்பு அழியாது, வயிற்று மடலைப் பார்த்து ஆணா பெண்ணா என்று முதல்நாளே சொல்லலாம்; குறுகிய மடல் ஆண், அகன்ற மடல் பெண். சொறியில் தொடங்கியவர்கள் சீக்கிரம் அலுத்துப்போவார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி:

*தேதி, நேரம்: … காலை 6.10. இடம்: … முகத்துவாரத்துக்கு வடக்கே 300 மீ. ஒதுங்குகோடு, ஈர மணல். காற்று: கிழக்கு, மூன்றாம் நாள். நீரோட்டம்: வன்னி (மீனவர் சொன்னது). உயிரி: வட்டத் தட்டு, 22 மி.மீ., வளையங்கள் உண்டு, பாய் இல்லை, ஓர இழைகள் பாதி உதிர்ந்தவை. 100 மீட்டரில் 41. உடன் கிடந்தவை: பைசேலியா 3, ஊதா ஓட்டுத் துண்டு 1. முடிவு: போர்பிடா. எதனால்: வட்டம், வளையம். எதை விலக்கினேன்: வெலெல்லா, பாயும் நீள்வட்டமும் இல்லாததால். படங்கள்: 6, அடிப்பக்கம் தெளிவில்லை.*